பதில்: ஏலத்தில் பட்டுச் சேலைகளை ஒருவரும் கேட்கவில்லை

அக்கா, ஐந்து பட்டுச் சேலைகளையும் ஈபே இணைய ஏலத்தளத்தில் ஒரே ஏலமாக ஏழு நாள் போட்டும் ஒருவரும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சேலைகளில் பிழை இராது, நேரத்தில்தான் பிழை. யாழ்ப்பாணத்தில் காலை 10 மணிக்கு ஏலம் முடிந்தால் இந்தக் கோடை நேரப்படி லண்டனில் விடிய ஐந்தரை, ரொறொன்ரோவில் நள்ளிரவு பன்னிரண்டரை. வாங்கக்கூடிய சனம் முழுக்க நித்திரை.

ஏழு நாள் ஏலம், தொடங்கிய அதே கிழமையில் அதே நேரத்தில்தான் முடியும். லண்டன் ஞாயிறு இரவு 8 மணிக்கு முடிய வேண்டுமென்றால் எங்கள் நேரம் ஞாயிறு நள்ளிரவு கடந்து, அதாவது திங்கள் பிறந்து, 12.30க்குத் தொடங்க வேண்டும். முழித்திருக்கத் தேவையில்லை, முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம்.

அப்புறம், ஐந்தையும் பிரியுங்கள். ஒரு சேலை பிடித்தவர் மற்ற நாலுக்கும் ஏன் காசு கொடுக்கப் போகிறார்? தலைப்புக்கு 80 எழுத்து இடம் உண்டு. ‘அழகான சேலை’ என்று வீணாக்காமல் காஞ்சிபுரம், பட்டு, நிறம், கரை என்று ஆட்கள் தேடுகிற சொற்களை ஆங்கிலத்தில் போடுங்கள். முந்தானையை வெயில்படாத வெளிச்சத்தில் விரித்துப் படமெடுங்கள். சரிகை கறுத்த இடம், மடிப்பில் இழை விட்ட இடம் இருந்தால் அதையும் கிட்டவாகக் காட்டுங்கள். பூச்சி உருண்டை வாசம் போகக் காற்றாட விடுவதும் நல்லது.

தொடக்க விலையை மட்டும் நான் அடிமட்டத்துக்கு இறக்கமாட்டேன். ஒரேயொருவர் கேட்டாலும் அந்த விலைக்கே கொடுக்க வேண்டிவரும். விற்று முடிந்த சேலைகளின் விலையைப் பாருங்கள். சேலையைப் பொதிசெய்து நிறை பார்த்து, தபால் கந்தோரில் கட்டணம் கேட்டபிறகே ஏலத்தில் போடுங்கள்.