ராத்திரி பட்டினி கெடந்தும் காலைல சுகர் ஏறுதே, ஏன்?

கடலூர் ஓ.டி.யிலேர்ந்து (ஓல்டு டவுன்), மீன் ஏலத்துல வேலை பாக்குற ஒரு அண்ணன் கேட்டிருக்காரு: "சுகர் குறையட்டும்னு ராத்திரி சோத்தையே நிறுத்திட்டேன் சார். படுக்கும்போது 130, விடியக்காலைல வெறும் வயித்துல பாத்தா 155. மிஷின் கோளாறா? கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேந்த மாத்திரை ரெண்டு வேளையும் போடுறேன்."

மிஷின் மேல பழி போடாதீங்கண்ணே, அந்த 155 உங்க வாய் வழியா வந்ததே இல்ல, உங்க கல்லீரல் விட்டது.

மொத்த ரத்தத்துலயும் ஒரு நேரத்துல இருக்குற குளுக்கோஸ் ஏறக்குறைய 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அவ்ளோதான். மூளை மட்டுமே நாளைக்கு 120 கிராம் கிட்ட கேக்கும், நீங்க தூங்குனாலும் அது தூங்காது. அப்ப அந்த ஒரு ஸ்பூன் எத்தனை மணி நேரம் தாங்கும்? அதனாலதான் கல்லீரல் சுமார் 100 கிராம் குளுக்கோஸை கிளைக்கோஜனா சேத்து வச்சிருக்கு. தசையில அதவிட நிறையவே இருக்கு, ஆனா தசை தன் சரக்க வெளிய தராது, சரியான கஞ்சன்.

இந்தக் கிடங்குக்கு சாவி கணையத்துகிட்ட. அங்க இருக்குற பீட்டா செல் இன்சுலின் விட்டா கல்லீரல் கதவ சாத்திக்கும், ஆல்ஃபா செல் குளுக்ககான்ங்குற ஹார்மோன விட்டா தெறந்துவிடும். சாப்பிட்டதும் இன்சுலின் கை ஓங்கும், பட்டினில குளுக்ககான் கை ஓங்கும், கிளைக்கோஜன் குறையக் குறைய புரதத்துலேர்ந்தெல்லாம் கூட கல்லீரல் புதுசா குளுக்கோஸ் செய்ய ஆரம்பிச்சிடும். டைப் 2 சுகர்ல என்னாகுதுன்னா, கல்லீரல் இன்சுலின் பேச்ச சரியா கேக்குறதில்ல, குளுக்ககானும் அடங்க வேண்டிய நேரத்துல அடங்குறதில்ல, போதாததுக்கு விடியற நேரத்துல கார்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறி அவங்க பங்குக்கு தள்ளிவிடுது. உங்க மெட்ஃபார்மின் முக்கியமா இந்தக் கல்லீரல் உற்பத்தியத்தான் குறைக்குது, அதனால காலைல ஏறுதுன்னு நீங்களா அத நிறுத்திடாதீங்க.

எனக்கு பயம் 155 இல்லண்ணே, கிளிமிபிரைடுதான். அது சாப்பாடு உள்ள வந்துச்சா இல்லையான்னு பாக்காது, பீட்டா செல்ல பிழிஞ்சு இன்சுலின விட வச்சிடும். சாப்பிடாம அத போட்டா நடுராத்திரி சுகர் 70க்கு கீழ போகலாம், வேர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடங்கும், சிலருக்கு கெட்ட கனவா வரும். அப்படி ஆனா மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கரைச்சு குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. ஆள் மயக்கமா கெடந்தா வாயில எதையும் ஊத்தக்கூடாது, 108க்கு அடிக்கணும், இத வீட்ல அண்ணிகிட்டயும் சொல்லி வைங்க.

அதனால ராத்திரி சாப்பிடுங்க. ரெண்டு இட்லியோ, கொஞ்சம் சோறும் கூட மீனும் கீரையுமோ, எட்டு மணிக்குள்ள. "சோறு வேணாம், வெறும் மீன் மட்டும் தின்னா?"ன்னு அடுத்து கேப்பீங்க, தெரியும்! புரதம் இன்சுலினையும் தூண்டும், கூடவே குளுக்ககானையும் தூண்டும், அதனாலதான் நல்லா இருக்குற ஒருத்தர் வெறும் மீன் சாப்பிட்டா அந்த இன்சுலின்ல சுகர் படுத்துடாம நிக்குது. உங்க மாத்திரைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, கொஞ்சம் மாவுச்சத்து வேணும். சாப்டுட்டு ஒரு கால் மணி நேரம் தெருவுல நடங்க, அசையுற தசை இன்சுலின் அதிகம் இல்லாமலே குளுக்கோஸ இழுத்துக்கும்.

ரெண்டு மூணு நாள் படுக்கும்போது, ராத்திரி 3 மணிக்கு, எழுந்ததும்னு பாத்து எழுதி வைங்க, எப்படியும் ஏலத்துக்கு அந்நேரம் எழுந்திரிக்கிற ஆளுதானே. 3 மணிக்கு கம்மியா இருந்தா ராத்திரி மாத்திரைய மாத்தணும், அத உங்க டாக்டர் முடிவு பண்ணட்டும், லேட் பண்ணாதீங்க. அப்ப நல்லா இருந்து விடியும்போது மட்டும் ஏறினா அது கல்லீரல் வேலை, அதுக்கு வைத்தியம் வேற. போறப்ப மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி டெஸ்டும் எடுத்துட்டுப் போங்க, ஒரே ஒரு காலை நம்பர வச்சு டோஸ் ஏத்தச் சொல்லி நீங்களா கேக்காதீங்க.