ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தைகள்

அன்புள்ள அக்கா,

நண்பர்கள் எட்டுப் பேர் கோவையிலிருந்து இரண்டு வண்டிகளில் நேபாளம் போகிறோம். பொக்காராவில் ஓர் அனாதை இல்லத்தின் கூரையைச் சரிசெய்து, பெயின்ட் அடித்து, கட்டில், போர்வை, அரிசி, நோட்டுப் புத்தகம் எல்லாம் இறக்கிக் கொடுத்துவிட்டு வரத் திட்டம். போன வருடம் சுற்றுலா போனபோது அங்கே ஒரு மணி நேரம் இருந்தோம். உள்ளே நுழைந்ததுமே குழந்தைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். கிளம்பும்போது விடவே இல்லை. அந்த அன்பை மறக்க முடியவில்லை. நீங்கள் நேபாளத்தில் சுற்றியவர் என்பதால் கேட்கிறேன். எல்லையை ரக்சாலில் தாண்டலாமா, சுனௌலியில் தாண்டலாமா? ஜூலையில் போகலாமா? பொருட்களுக்கு வரி உண்டா?

ஆர்., கோவை

அன்புள்ள தம்பி,

சுனௌலி. பொக்காராவுக்கு அதுதான் நேர்வழி. எல்லை தாண்டியதும் பன்சாரில், அதாவது சுங்க அலுவலகத்தில், நம் ஊர் வண்டிக்கு நாள் கணக்கில் பணம் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டிலும் போர்வையும் மொத்தமாக ஏற்றிப் போனால் வரி கேட்பார்கள். அரிசியும் கட்டிலும் பொக்காராவிலேயே கிடைக்கும். உங்களைவிட நன்றாகப் பெயின்ட் அடிக்கிறவர்களும் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்கும் கூலி வேண்டும். அது கிடக்கட்டும். ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

முன்பின் தெரியாத எட்டுப் பேர் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் உங்கள் வீட்டு நாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளியும். எட்டிப் பார்க்கும். பெயர் கேட்டால் சொல்லாது. பழகிய பிறகுதான் மடியில் ஏறும். யாரிடம் போகலாம், யாரிடம் போகக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. பார்த்த நொடியில் எவர் காலையும் கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு அது தெரியாமல் போய்விட்டது. அதைப் பார்த்து நீங்கள் நெகிழக் கூடாது, தம்பி. பதறியிருக்க வேண்டும்.

நானாகச் சொல்லவில்லை. ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1966இல் கருக்கலைப்பைத் தடை செய்தது. வளர்க்க வழியில்லாத பெற்றோர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தபோது இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மனம் பொறுக்காமல் பிரிட்டனிலிருந்தும் மற்ற மேற்கு ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் லாரிகளிலும் வேன்களிலும் கிளம்பினார்கள். மெத்தை, மருந்து, பொம்மை, பெயின்ட் டப்பா என்று உங்களைப் போலவேதான். நல்ல மனிதர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2000இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டின் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். பல ஆண்டுகள் இரு தரப்பையும் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி தேறியது. இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். அந்த ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை என்னைத் தூங்கவிடவில்லை. வாசலில் அறிமுகமில்லாத ஒருவர் வந்து நின்று, என்னோடு வா என்று கூப்பிடுவார். வீட்டில் வளர்ந்த பிள்ளைகளில் போனவர்கள் மிகச் சிலர். இல்லத்தில் வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் கேள்வியே கேட்காமல் பின்னால் நடந்தார்கள்.

எங்கள் தெருவில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாள் ஒருவர் இருந்தார். புருஷன் செத்ததும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஊரிலிருந்த ஒரு ஹோமில் விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது துணைக்கு என்னையும் கூட்டிப்போவார். யாராவது பிறந்தநாள் கேக்கோடு வந்து இறங்கினால் சின்னவள்தான் முதலில் ஓடிப்போய் அவர்கள் கையைப் பிடிப்பாள். பெற்றவள் வந்தால் மட்டும் குழாயடியில் நின்றுகொண்டு சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். வெகுநேரம் கழித்து வந்து, முறுக்குப் பொட்டலத்தை வாங்கிப் பாவாடையில் முடிந்துகொள்வாள். தின்னமாட்டாள். விருந்து கொடுக்க வருகிறவர்களிடம் அம்மா இருக்கிறாள் என்று சொல்லக் கூடாதாம், வார்டன் சொல்லிவைத்திருந்தார். அங்கே போட்ட ஒரு பிறந்தநாள் பிரியாணிச் செலவில் அந்த அம்மாள் மாதக்கணக்கில் வாடகை கட்டி, இரண்டையும் தன்னோடு வைத்துக்கொண்டிருப்பார். ஆனால் பணமெல்லாம் கட்டடத்துக்குத்தான் வந்தது. இன்றும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

பொக்காரா விஷயம் இதைவிட மோசம். 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர். ஹும்லா போன்ற மலை மாவட்டங்களில் மாவோயிஸ்டுகள் பிள்ளைகளைப் படைக்கு இழுத்துப் போவார்களோ என்று பெற்றோர் பயந்து கிடந்தபோது, தரகர்கள் வந்து, காத்மாண்டுவில் படிக்கவைக்கிறோம் என்று அவர்களிடமே பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். அப்பா அம்மா இறந்துவிட்டதாகப் பொய்க் காகிதம் தயாரானது. நேபாளத்தின் இல்லங்களில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன தெரியுமா? வறுமை மிகுந்த மாவட்டங்களில் இல்லை. காத்மாண்டு பள்ளத்தாக்கு, பொக்காரா, சித்வன் என்று வெளியூர்க்காரர்கள் காமிராவோடு இறங்கும் இடங்களில். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு அரசாங்கமே புதிய இல்லங்களைப் பதிவு செய்வதை நிறுத்தியது, பெற்றோரோ அங்கீகரிக்கப்பட்ட காப்பாளரோ உடன் இல்லாமல் பிள்ளைகளை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்றது. உலகம் முழுவதும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாகச் சேவ் த சில்ட்ரன் என்ற குழந்தைகள் நலத் தொண்டு நிறுவனம் 2009இலேயே சொல்லிவிட்டது.

நீங்கள் நல்ல பிள்ளைகள். லீவு போட்டு, சொந்தக் காசில் டீசல் அடித்து, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப்போகக் கிளம்புகிறவர்களைத் திட்டுவது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரையைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அதன் கீழே தூங்குகிற ஒரு பிள்ளையின் சொந்த ஊர் எது என்றுகூட எழுதவில்லையே. கேட்டீர்களா?

இப்போதே அந்த இல்லத்துக்குப் போன் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த ஊர், வீட்டார் கடைசியாக எப்போது வந்து பார்த்தார்கள், போன வருடம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால், பிள்ளைகளை வீட்டில் சேர்க்கும் செலவுக்குப் பணம் கொடுங்கள், கணக்கும் கேளுங்கள். மழுப்பினால் ஒரு போர்வைகூட இறக்காதீர்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

ஜூலை வேண்டாம். பூட்வல் தாண்டி மலை ஏறும் இடத்தில் மழைக்காலத்தில் பாறை உருண்டு விழும். எப்படியானாலும் அக்டோபருக்கு மேல் வண்டியை எடுங்கள்.

அன்புடன்,
அக்கா