பார்ட்டிங் டூல் ஏன் கடிக்கிறது? – சின்ன லேத் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் 7×14 மினி லேத் (7 அங்குல சுழல்விட்டம், 14 அங்குல நீளம் கொண்ட சின்ன கடைசல் இயந்திரம்) வைத்திருக்கிறேன். 20 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடை பார்ட்டிங் செய்ய, அதாவது சுழலும்போதே ஒடுக்கமான பிளேடால் துண்டிக்கப் போனால் கடகடவென்று நடுங்குகிறது. திடீரென்று டூல் கடித்து சக் (ராடைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) நின்றுவிடுகிறது. பிளேடு மாற்றியும் பலன் இல்லை. என்ன செய்யலாம்? – வாசகர், ஈரோடு

பதில்: குறை பிளேடில் இல்லை, அதைத் தாங்கும் அடுக்கில் இருக்கிறது. டூல் போஸ்ட் (டூலைப் பிடிப்பது), டாப் ஸ்லைடு (கோணத்தில் திருப்பக்கூடிய சின்ன ஸ்லைடு), கிராஸ் ஸ்லைடு (குறுக்கே நகர்வது), சாடில் (பெட் என்ற அடித்தளத்தின்மேல் நீளவாக்கில் நகர்வது) என்று மேலிருந்து கீழாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் முடியளவு ஆட்டம் இருந்தாலே போதும். வெட்டு விசை நுனியைக் கீழே அழுத்தும்போது டூல் வேலைப் பக்கம் சாய்ந்து இன்னும் ஆழமாகக் கடிக்கும். அதனால் இதை வரிசையாகச் சரிசெய்யுங்கள்.

முதலில் ஜிப், அதாவது ஸ்லைடின் ஆட்டத்தை எடுக்கும் ஓரப்பட்டை. லாக் நட்டுகளைத் தளர்த்தி, நடு கிரப் ஸ்குரூவில் (தலையில்லாத ஸ்குரூ) தொடங்கி ஒவ்வொன்றையும் ஸ்லைடு லேசாக இறுகும்வரை திருப்புங்கள். பிறகு அரைக்கால் சுற்று பின்வாங்குங்கள். லாக் நட்டை இறுக்கும்போது ஆலன் கீயால் ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் நட்டோடு ஸ்குரூவும் சுற்றி, செய்த வேலை வீணாகிவிடும். சாடிலின் அடிப்பட்டைகளையும் (பெட்டின் அடியைப் பிடித்து சாடிலை மேலெழாமல் வைப்பவை) பாருங்கள். அவை வார்ப்பிரும்பாக இருந்தால், தள்ளும் ஸ்குரூவும் இழுக்கும் ஸ்குரூவும் எதிரெதிராக இறுகும்போது பட்டையே உடைந்துவிடலாம். பட்டைக்கும் சாடிலுக்கும் நடுவே ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்வது பாதுகாப்பு.

அடுத்து சாடில் லாக், அதாவது சாடிலைப் பெட்டோடு இறுக்கிப் பிடிக்கும் பூட்டு. பல மினி லேத்துகளில் இது இருப்பதில்லை. சாடிலின் வலது ஓரத்தில், பெட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும் இடத்தை அடியிலிருந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரனோ (சாடிலின் முன்னால் தொங்கும் பெட்டி) அடிப்பட்டையோ குறுக்கே வரக்கூடாது. சாடிலைக் கழற்றி 6.5 மி.மீ. துளை போடுங்கள். 25×12 மி.மீ. எம்.எஸ். பிளாட்டில் 40 மி.மீ. துண்டு வெட்டி, 5 மி.மீ. டிரில் ஓட்டி எம்6 டேப் போடுங்கள் (துளைக்குள் மரை வெட்டுங்கள்). இந்தத் துண்டின் ஒரு முனை பெட்டின் அடியைத் தொடவேண்டும். மறுமுனையில் ஒரு குதிகால் (உயர்ந்த மேடு) விட்டு, அது சாடிலின் அடியைத் தொடவேண்டும். சாடில் துளை வழியாக மேலிருந்து இறங்கி இந்தத் துண்டில் இறுகும் எம்6 போல்ட் இரு முனைகளுக்கும் நடுவே, பெட்டின் பக்கம் சற்று நெருங்கி வரட்டும். குதிகால் இல்லாமல் செய்தால் துண்டு சாய்ந்து, ஒரே விளிம்பில் மட்டும் பிடித்து, போல்ட் வளையும். சரியாக அமைந்தால் கால் சுற்றிலேயே சாடில் அசையாமல் நின்றுவிடும். அதற்குமேல் முறுக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரிய மாற்றம்: டாப் ஸ்லைடைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரே கட்டியான இரும்பை வைப்பது. 60 மி.மீ. சதுரக் கட்டி போதும். உயரத்தை உங்கள் மெஷினிலேயே அளந்துகொள்ளுங்கள். கிராஸ் ஸ்லைடின் மேல்முகத்திலிருந்து டூல் போஸ்ட் உட்காரும் முகம் வரை எவ்வளவோ அதே உயரம் வைத்தால், இப்போதுள்ள டூல்களின் சென்டர் உயரம் மாறாது. நான்கு ஜா சக்கில் பிடித்து இரு முகங்களையும் ஃபேசிங் செய்யலாம் (தட்டையாகக் கடையலாம்). கட்டியின் மூலைவிட்டம் 85 மி.மீ. தான் வரும், 180 மி.மீ. சுழல்விட்டத்துக்குள் தாராளமாகச் சுற்றும். அடிமுகத்தின் நடுவை 0.3 மி.மீ. குழித்துவிடுங்கள், அப்போதுதான் ஓரங்களில் உட்காரும், நடுவில் உட்கார்ந்து ஆடாது. டேப்பர் (கூம்புச் சாய்வு) கடையும்போது மட்டும் டாப் ஸ்லைடைத் திரும்பப் பூட்டிக்கொண்டால் போதும். சின்ன மரைகளை நேராக உள்ளே செலுத்தியே வெட்டலாம்.

இனி வேகம். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிளேடுக்கு, 20 மி.மீ. ராடில் சுமார் 200 ஆர்.பி.எம். லோ கியரில் ஓட்டுங்கள், ஹை கியரில் வேகத்தைக் குறைத்தால் மோட்டாருக்கு இழுவை இருக்காது. எண்ணெய் விட்டுக்கொண்டே, நிறுத்தாமல் ஒரே சீராக உள்ளே கொடுங்கள். பயந்து பயந்து தொட்டால் பிளேடு வெட்டாமல் உரசும், நடுக்கம் அங்கேதான் ஆரம்பிக்கும்.

கேள்வி: டையை (வெளிமரை வெட்டும் வட்டக் கருவி) கையால் பிடித்து மரை போட்டால் கோணலாகப் போகிறது. டெயில்ஸ்டாக்கில் (சக்குக்கு எதிர்முனையில் உள்ள பகுதி) மாட்டும் டை ஹோல்டரை நாமே செய்ய முடியுமா? – வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. 2 மோர்ஸ் டேப்பர் ஆர்பரிலிருந்து (டெயில்ஸ்டாக் துளையில் அமரும் கூம்புத் தண்டு) 12 மி.மீ. தண்டு 80 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். அதன்மேல் வழுக்கி ஓடும் உடல்: 40 மி.மீ. விட்டம், 60 மி.மீ. நீளம், உள்ளே 12 மி.மீ. ரீமர் ஓட்டிய (துல்லிய அளவுக்குச் செம்மைசெய்த) துளை. முன்முகத்தில் டைக்கான குழி. குழி வெட்டுமுன் டையைக் காலிப்பரால் அளந்துவிடுங்கள். மெட்ரிக் அளவில் எம்5, எம்6 டைகள் 20×7 மி.மீ. (வெளிவிட்டம் × தடிமன்), எம்8 டை 25×9. ஆனால் கடையில் 1 அங்குல வெளிவிட்டத்திலும் டைகள் கிடைக்கின்றன, இரண்டும் ஒரே குழியில் உட்காராது. பிடிக்க மூன்று எம்4 கிரப் ஸ்குரூ. ஒன்று டையின் பிளவில் அமரட்டும். பக்கவாட்டில் 100 மி.மீ. கைப்பிடி.

மரை போட்ட முனை தண்டில் இடிக்குமே என்ற சந்தேகம் வரும். இடிக்காது. வேலையும் தண்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. நடுவே நகர்வது உடல் மட்டும்தான். ஆனால் உடல் முன்னேற முன்னேறத் தண்டின் மேலுள்ள பிடிமானம் குறையும். 30 மி.மீ.க்கு மேல் மரை வேண்டுமானால் உடலையும் தண்டையும் நீளமாகச் செய்யுங்கள்.

எம்6 மரைக்கு ராடை 5.9 மி.மீ. ஆகக் கடைந்து, முனையை 45 டிகிரி சாய்த்துவிடுங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு சக்கைக் கையால் சுற்றுங்கள். ஒரு சுற்று முன்னே போனால் அரைச் சுற்று பின்னே வாருங்கள்.

கேள்வி: ஸ்பிண்டிலில் (சக்கைச் சுழற்றும் தண்டு) உள்ள 6206 பால் பேரிங்கை மாற்றினால் துல்லியம் கூடுமா? – வாசகர், திருச்சி

பதில்: முதல் பதிலில் சொன்ன ஜிப், லாக், கட்டி மூன்றையும் முடித்த பிறகு மாற்றினால் பலன் தெரியும். டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் 30206 என்றால் அகலம் 17.25 மி.மீ.; பழையது 16. அந்த 1.25 மி.மீ.க்காக ஸ்பேசரை (இடைவெளி வளையத்தை) குறைக்க வேண்டியிருக்கும். கப்பின் (வெளிவளையத்தின்) அகன்ற வாய் இரு முனையிலும் வெளிப்பக்கம் பார்க்க வேண்டும். ஆங்குலர் காண்டாக்ட் 7206 (பக்கவாட்டு விசையையும் தாங்கும் பால் பேரிங்) பழைய பேரிங்கின் அளவுதான், அப்படியே பொருந்தும். முதல் முறை மாற்றுபவருக்கு அதையே சொல்வேன். மாட்டியபின் நடுவேகத்தில் 20 நிமிடம் ஓட்டிவிட்டு ஹெட்ஸ்டாக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பின்பக்க நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.