கறிவேப்பிலையும் கோயில் பூவும்: தோட்டக் கேள்வி பதில்

வெள்ளவத்தை: பல்கனிச் சாடியில் மண் கல்லாக இறுகிவிட்டது. புது மண் வாங்கவா?

வேண்டாம். நம் பக்கத்துச் செம்மண் சாடிக்குள் தனியாக இருந்தால் மழைக்குக் களி, வெயிலுக்குச் செங்கல். கவிழ்த்து உடைத்து, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் கலந்து பாருங்கள். கையில் பிடித்தால் உருள வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். மேலே காய்ந்த பலா இலையைப் பரப்புங்கள். கொழும்பில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. மூடாத மண்ணின் சத்தெல்லாம் கான் வழியே கடலுக்குத்தான். அப்புறம், சாடித் தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது. டெங்கு நுளம்பு பெருக ஏழெட்டு நாள் போதும்.

கொட்டாஞ்சேனை: பறவை எச்சம் போல ஒரு புழு கறிவேப்பிலையைத் தின்கிறது. என்ன மருந்து?

மருந்தா! அது வண்ணத்துப்பூச்சியின் புழு. பறவைகளை ஏய்க்கத்தான் அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். செடி ஆளுயரமென்றால் தின்னட்டும். சிறிதென்றால் தேசி மரத்துக்கு மாற்றி விடுங்கள், அதையும் தின்னும்.

தெஹிவளை: எங்கள் கறிவேப்பிலை வளரவே இல்லை.

முதல் பதிலைப் படியுங்கள்.

வத்தளை: எங்கள் கறிவேப்பிலையும்...

முதல் பதில். தட்டையும் பாருங்கள்.

பம்பலப்பிட்டி: நாட்டுச் செடி மட்டுமே வளர்க்கிறேன். மிளகாய், பப்பாசி, அலரி. சரிதானே?

மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை.

பம்பலப்பிட்டி: அலரி கோயில் பூ ஐயா! கொள்ளுப்பிட்டியில் அலரி மாளிகையே இருக்கிறது. சங்கப் பாட்டிலும் அலரி வருகிறது.

பிரதமரின் வீட்டுக்குப் பெயர் வைத்தால் செடிக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடுமா? சங்கப் பாட்டில் அலரி என்றால் மலர்ந்த பூ, எந்தப் பூவும். உங்கள் அலரி மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் செடி. அதில் தேனும் கிடையாது, மணத்தைக் காட்டி அந்துப்பூச்சியை ஏமாற்றுகிறது. வெட்டச் சொல்லவில்லை, இருக்கட்டும். கோயில் பூவும் நாட்டுச் செடியுமாக ஒன்று வேண்டுமென்றால் சிவப்பு வெட்சி வையுங்கள், முருகனுக்குரிய பூ. தேன்சிட்டும் வரும்.

கொலன்னாவை: அப்படியென்றால் அரளி?

அது வேறு செடி, முழுவதும் நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

பம்பலப்பிட்டி: சரி, வெட்சி வாங்குகிறேன். தட்டோடு வைக்கவா?

தட்டில்லாமல்.