சம்பளத்தில் பிடித்த பிரீமியமும் தபாலில் வந்த உறையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் வாசகர்களும், பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் ஒரே விஷயத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்கள் மீதான கூட்டு வழக்கு சமரசத்தில் முடியும்போது நம் பங்கை எப்படிக் கேட்டு வாங்குவது என்பதுதான் கேள்வி. பெரும்பாலான கடிதங்கள் ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் வழக்கைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

2021-இல் ஒரு தபால் அட்டை வந்தது. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். அது என்ன வழக்கு? (எடிசன், நியூ ஜெர்சி)

உங்களைப் போல் தூக்கிப் போட்டவர்கள் ஏராளம். நீதிமன்றத்தின் உத்தரவுப்படி வரும் அறிவிப்புக்குக்கூட விளம்பரத் துண்டுச்சீட்டின் முகம்தான் இருக்கிறது.

ப்ளூ கிராஸ் ப்ளூ ஷீல்ட் என்ற பெயரை நாடெங்கும் தனித்தனி நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அவை மாநிலங்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் எல்லையில் மற்றவர் போட்டியிடுவதைத் தவிர்த்தன என்பதும், அதனால் சந்தாதாரர்கள் கூடுதல் பிரீமியம் கட்டவேண்டி வந்தது என்பதும் குற்றச்சாட்டு. 2012-இல் தொடங்கிய வழக்குகள் அலபாமா வடக்கு மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாக விசாரிக்கப்பட்டன. நிறுவனங்கள் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 267 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன.

தனிநபர் பாலிசி வைத்திருந்தவர்களுக்கும், காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்கும் குழுத் திட்டங்களில் இருந்தவர்களுக்கும் 2008 பிப்ரவரி 7 முதல் 2020 அக்டோபர் 16 வரையிலான காலம் கணக்கு. வேலை கொடுத்த நிறுவனமே சிகிச்சைச் செலவை ஏற்று, அட்டையை மட்டும் ப்ளூ கிராஸ் கொடுத்த திட்டங்களுக்கு 2015 செப்டம்பர் 1-இல் தொடங்குகிறது. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் இருந்த நம்மவர்கள் பலர் இந்த இரண்டாம் வகை. ‘என் அட்டையில் ஆன்தெம் என்றுதானே இருக்கிறது’ என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெயரைவிட அட்டையின் மூலையில் உள்ள சிலுவையையும் கேடயத்தையும் பாருங்கள். அவை இருந்தால் அது ப்ளூ திட்டம்.

நான் படிவம் எதுவும் அனுப்பவில்லை. அப்படியானால் வழக்குக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்றுதானே பொருள்? (பிளானோ, டெக்சஸ்)

இல்லை தம்பி. நம்மவர்கள் மிக அதிகமாக ஏமாந்துபோகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊர் வழக்கில் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டால்தான் நாம் கட்சிக்காரர். இழப்பீட்டுத் தொகை கேட்கும் அமெரிக்கக் கூட்டு வழக்கு அதற்கு நேர் எதிர். நீதிமன்றம் வகுத்த பட்டியலுக்குள் நீங்கள் வந்தால், கேட்காமலே உள்ளே இருக்கிறீர்கள். வெளியே போகத்தான் கடிதம் எழுத வேண்டும். இந்த வழக்கில் அப்படி விலகவும் ஆட்சேபம் தெரிவிக்கவும் 2021 ஜூலை 28 கடைசி நாள். கிளைம் படிவம் அனுப்ப 2021 நவம்பர் 5 கடைசி நாள்.

இரண்டையும் செய்யாமல் இருந்தவருக்கு என்ன ஆனது? பணமும் வரவில்லை, அதே புகாருக்காகத் தனியாக வழக்குப் போடும் உரிமையும் போய்விட்டது. பேசாமல் இருந்ததையே நீதிமன்றம் சம்மதமாக எடுத்துக்கொண்டுவிட்டது. சில பெரிய நிறுவனங்கள் முறைப்படி விலகித் தனி வழக்குத் தொடுத்தன. வழக்கறிஞர் படை வைத்திருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகும். சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் படிவம் அனுப்புவதுதான் நடக்கிற வழி.

இந்த வழக்கின் தேதி கடந்துவிட்டது என்பதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது. தாமதமாக வரும் கிளைமை ஏற்பது நீதிமன்றத்தின் விருப்பம். அதை நம்பி இருக்க முடியாது. அடுத்த அறிவிப்பு வரும்போது பிரித்துப் படியுங்கள். அதில் மூன்று தேதிகள் இருக்கும்: விலக, ஆட்சேபிக்க, கிளைம் செய்ய. அன்றைக்கே நாள்காட்டியில் எழுதிவிடுங்கள்.

அக்கா, என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். விசாவில் எஃப்என்யூ என்று போட்டுவிட்டார்கள். காப்பீட்டு அட்டையில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கிறது. எந்தப் பெயரில் கிளைம் செய்வது? (சான் ஹோசே)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நம் வழக்கம் படிவங்களில் படும் பாட்டை நான் ஞாயிறு மதியங்களில் நூலக மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒருவர் நான்கு காகிதங்களை வரிசையாகப் பரப்பி வைத்தார். பாஸ்போர்ட்டில் தன் பெயர் மட்டும். விசாவில் முன்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ, அதாவது ‘முன்பெயர் தெரியவில்லை’. சம்பளச் சீட்டில் இனிஷியல் விரிந்து அப்பாவின் பெயர் கடைசியில் நிற்கிறது. காப்பீட்டு அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால் போய்விட்டது. நான்கும் ஒரே மனிதர் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது.

கிளைமில் காப்பீட்டு அட்டையில் உள்ள பெயரையே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். நிர்வாகி, அதாவது கிளைம்களைச் சரிபார்த்துப் பணம் பிரிக்க நீதிமன்றம் நியமித்தவர், அதை ஒப்பிடுவது காப்பீட்டு நிறுவனம் கொடுத்த பட்டியலோடுதான். அறிவிப்பில் உங்களுக்கென்று தனி அடையாள எண் அச்சிட்டிருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். பெயர் தடுமாறும் இடத்தில் அந்த எண்தான் உங்களை அடையாளம் காட்டும். வேறு பெயர் இருந்தால் எழுதச் சொல்லும் கட்டம் இருந்தால் மற்ற வடிவங்களையும் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் காசோலையில் வரும். எஃப்என்யூ என்று தொடங்கும் காசோலையை உங்கள் வங்கி திருப்பி அனுப்பலாம். கணக்கில் இருக்கும் பெயருக்கே காசோலை வேண்டும் என்று நிர்வாகிக்கு முன்கூட்டியே எழுதி, பாஸ்போர்ட் நகலையும் பழைய காப்பீட்டு அட்டையின் நகலையும் சேர்த்து அனுப்புங்கள். அட்டை காலாவதியானாலும் கிழித்துப் போட வேண்டாம்.

மாதம் 1,500 டாலர் பிரீமியம், குடும்பத் திட்டம். எவ்வளவு கிடைக்கும்? (சிகாகோ)

தொகையை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணக்கின் போக்கைச் சொல்கிறேன்.

1,500 டாலரில் ஒரு பகுதியை நிறுவனம் கட்டியது, மீதி உங்கள் சம்பளத்தில் பிடித்தது. யார் எவ்வளவு என்று ரசீது காட்டச் சொன்னால் யாரிடமும் இருக்காது. அதனால் இந்தச் சமரசத்தில் ஒரு பொது விகிதம் வைத்தார்கள். காப்பீட்டு நிறுவனமே செலவை ஏற்ற திட்டமென்றால் தனிநபருக்கு 15 சதவீதம், குடும்பத்துக்கு 34 சதவீதம் ஊழியரின் பங்கு. வேலை கொடுத்த நிறுவனமே செலவை ஏற்ற திட்டத்தில் தனிநபருக்கு 18, குடும்பத்துக்கு 25. உங்களுடையது முதல் வகை என்று வைத்துக்கொண்டால் மாதம் 510 டாலர், ஆண்டுக்கு 6,120 டாலர் உங்கள் பங்காகக் கருதப்படும். அதைவிட அதிகம் கட்டியதற்குச் சம்பளச் சீட்டு வைத்திருந்தவர்கள் அந்த ஆதாரத்தைக் கொடுத்து வேறு விகிதம் கேட்க வழி இருந்தது.

6,120 என்பது கைக்கு வரும் பணம் அல்ல. நிதியைப் பிரிக்கும்போது உங்கள் தட்டில் வைக்கும் எடைக்கல் மட்டும்தான் அது. 267 கோடியிலிருந்து வழக்கறிஞர் கட்டணமாக மட்டும் சுமார் 62 கோடியே 66 லட்சம் டாலரை நீதிமன்றம் அனுமதித்தது. மற்ற செலவுகளும் போக ஏறத்தாழ 190 கோடி மிஞ்சியது. அதில் 93.5 சதவீதம் முதல் வகைத் திட்டங்களுக்கு, 6.5 சதவீதம் இரண்டாம் வகைக்கு. கிளைம் செய்த எல்லோருக்கும் அவரவர் எடைக்கேற்பப் பங்கு. 5 டாலருக்கு மேல் வராத பங்குக்குக் காசோலையே கிடையாது.

பணம் வர ஏன் இத்தனை ஆண்டுகள்? (அட்லாண்டா)

2022 ஆகஸ்டில் நீதிமன்றம் இறுதி ஒப்புதல் கொடுத்தது. ஆட்சேபித்தவர்களில் சிலர் மேல்முறையீடு செய்தார்கள், ஹோம் டிப்போ நிறுவனமும் அவர்களில் ஒன்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 அக்டோபரில் சமரசத்தை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் வழக்கை எடுக்க மறுத்தது. மேல்முறையீடு முடியாமல் பணம் பிரிப்பதில்லை. இந்த இடைவெளியில் முகவரி மாறியவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். வீடு மாறினால் நிர்வாகிக்கும் தெரிவியுங்கள்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். கிளைம் செய்தால் கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா? நிறுவனம் கோபித்துக்கொள்ளுமா? (ஆஸ்டின்)

வராது. இது அரசு கொடுக்கும் உதவித்தொகை அல்ல, வேலை செய்து வாங்கும் கூலியும் அல்ல. நீங்கள் கட்டிய பணத்துக்கான இழப்பீடு. வழக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் மீதுதான். உங்களுக்கு வேலை கொடுத்த நிறுவனமே தன் பங்கைக் கேட்டு அதே நிர்வாகியிடம் படிவம் அனுப்பியிருக்கலாம். இந்தப் பயத்தினால் உரிமையை விட்டவர்களைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

என் கணவர் பெயரில் கிளைம் போட்டிருந்தோம். அவர் போன ஆண்டு காலமாகிவிட்டார். நானும் பிள்ளைகளும் அவருடைய திட்டத்தில்தான் இருந்தோம். எங்களுக்குத் தனியாகப் பங்கு உண்டா? (வட கரோலினா)

அம்மா, உங்கள் துயரத்துக்கு நடுவில் இதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. திட்டத்தில் சேர்ந்திருந்த மனைவி மக்களுக்குத் தனிப் பங்கு கிடையாது. பங்கு சந்தாதாரருடையது, உங்கள் கணவருடையது. ஆனால் அவரோடு அது அழிந்துவிடவில்லை. அவருடைய சொத்தாக வாரிசுகளுக்கு வந்து சேரும்.

இறப்புச் சான்றிதழ், அவருடைய சொத்துகளை நிர்வகிக்க உங்களுக்கு அதிகாரம் தரும் நீதிமன்ற ஆவணம், கிளைம் எண் மூன்றையும் வைத்துக் காசோலையை உங்கள் பெயருக்கோ அவருடைய சொத்துக் கணக்குக்கோ மாற்றித் தரும்படி நிர்வாகிக்கு எழுதுங்கள். சொத்து சிறியதாக இருந்தால் முழு நடைமுறை இல்லாமல் ஒரு பிரமாணப் பத்திரத்தோடு முடித்துக்கொள்ளப் பல மாநிலங்களில் வழி உண்டு. உங்கள் கவுன்டி நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டால் படிவம் தருவார்கள். கிளைம் எண் அவருடைய மின்னஞ்சலில் இருக்கும். அந்தக் கணக்கை மூடிவிடாதீர்கள், குப்பை அஞ்சல் பெட்டியிலும் தேடுங்கள்.

சென்னைக்கே திரும்பிவிட்டேன். டாலர் காசோலை வந்தால் இங்கே மாற்ற முடியுமா? (மடிப்பாக்கம்)

பெரும்பாடு. வெளிநாட்டுக் காசோலையை வாங்கவே பல வங்கிக் கிளைகள் தயங்குகின்றன. வாங்கினாலும் வசூலாக வாரக்கணக்கில் ஆகும், கட்டணமும் பிடிப்பார்கள். காசோலை செல்லுபடியாகும் நாளோ முகப்பில் அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் சில மாதங்கள்தான். மின்னணு முறையில் பணம் பெறும் வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்க வங்கிக் கணக்கை இன்னும் மூடவில்லையென்றால் கிளைம்கள் முடியும்வரை வைத்திருங்கள். நாள் கடந்த காசோலையையும் சும்மா விடாதீர்கள், மறுபடி வழங்கக் கேட்டு உடனே எழுதுங்கள்.

எட்டு ஆண்டுக்கு முந்தைய ரசீதுக்கு எங்கே போவேன்? (பாஸ்டன்)

எல்லா வழக்கும் ரசீது கேட்பதில்லை. ஏட்னா நிறுவனம் 2017-இல் அனுப்பிய கடிதங்களில் எச்ஐவி மருந்து பற்றிய வரி உறையின் கண்ணாடிச் சாளரம் வழியாக வெளியே தெரிந்தது. வீட்டில் மற்றவர்கள் அந்த உறையை எடுத்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுமார் 1 கோடியே 70 லட்சம் டாலர் சமரசத்தில், அந்த உறை போனவர்களுக்குப் படிவம் இல்லாமலே குறைந்தது 500 டாலர் என்று வைத்தார்கள். அதற்கு மேல் பாதிப்பு உண்டு என்றவர்களே ஆதாரம் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆன்தெம் நிறுவனத்திலிருந்து 2015-இல் ஏறத்தாழ 7 கோடியே 88 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்ட வழக்கு வேறு மாதிரி. 11.5 கோடி டாலர் சமரசத்தில், கைக்காசு செலவழிந்ததற்குச் சீட்டு வைத்திருந்தவர்கள் 10,000 டாலர் வரை கேட்க முடிந்தது. மற்றவர்களுக்குக் கடன் கணக்குக் கண்காணிப்புச் சேவை, அல்லது சிறு தொகை. ஆகவே காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் செலவு விளக்கச் சீட்டையும், ஆண்டின் கடைசிச் சம்பளச் சீட்டையும், ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் டபிள்யூ-2 படிவத்தையும் மட்டுமாவது ஒரு கோப்பில் வையுங்கள். தெரியாததை ஊகித்து எழுதாதீர்கள். படிவத்தின் அடியில் நீங்கள் போடும் கையெழுத்து, பொய் சொன்னால் தண்டனை என்ற வாசகத்தின் கீழே விழுகிறது.

200 டாலர் கட்டினால் கிளைமை முடித்துத் தருவதாகத் தொலைபேசி வருகிறது. (டெட்ராய்ட்)

வைத்துவிடுங்கள். நீதிமன்றம் நியமித்த நிர்வாகி கட்டணம் கேட்பதே இல்லை. அறிவிப்பில் வழக்கு எண்ணும் நீதிமன்றத்தின் பெயரும் இருக்கும். சந்தேகம் வந்தால் அந்த நீதிமன்ற அலுவலகத்தை நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

வரும் பணத்துக்கு வரி உண்டா? (சியாட்டில்)

பிரீமியம் எப்படிக் கட்டினீர்கள் என்பதைப் பொறுத்தது. வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் கழித்திருந்தால், திரும்பி வரும் தொகைக்கு வரி வரக்கூடும். வரி கட்டிய பணத்தில் கட்டி, அதற்குக் கழிவும் கோராமல் இருந்திருந்தால் பொதுவாக வராது. உங்கள் கணக்காளரிடம் சம்பளச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

ஊரில் அப்பாவின் மருத்துவ கிளைமைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. அங்கே இப்படிக் கூட்டு வழக்கு உண்டா? (டல்லாஸ்)

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரே நலன் கொண்ட பலருக்காகச் சிலர் சேர்ந்து புகார் கொடுக்க இடம் இருக்கிறது. ஆனால் ஒருவரின் மறுக்கப்பட்ட கிளைமுக்கு அது சுற்று வழி. காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகச் சொல்லுங்கள். முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும், ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மனு கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்புச் சொல்ல முடியும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தின் மூலப் பிரதியை அப்பா பத்திரமாக வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுக்கட்டும்.