லைசென்ஸை வாங்கிக்கொண்டு சீட்டு தராமல் அனுப்பினால்?

கேள்வி: வக்கீல் அண்ணே, எனக்குத் திருப்பாலைக்குடிப் பக்கம். மச்சானுடைய குட்டியானையில் நண்டு ஏற்றி மண்டபத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோவேன். போன வாரம் ராத்திரி இரண்டரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போலீஸ் மறித்தார்கள். கடத்தல் வண்டி ஒன்று வருவதாகத் தகவலாம். அதன் நம்பருக்கும் எங்கள் நம்பருக்கும் கடைசி எண் மட்டும்தான் வித்தியாசம். சாவியைப் பிடுங்கினார்கள், பெட்டியெல்லாம் பிரித்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அப்படியும் ஸ்டேஷனில் விடியும்வரை உட்கார வைத்தார்கள். ஐஸ் உருகி, பாதி நண்டைக் கம்பெனி கழித்துவிட்டது. லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு, "அப்புறம் வந்து வாங்கிக்கோ" என்றார்கள். இரண்டு முறை போயும் தரவில்லை. எந்தச் சீட்டும் இல்லை. நான் என்ன செய்ய?

பதில்: தம்பி, நடந்ததில் பாதி முடிந்துபோன விஷயம். லைசென்ஸ் அப்படியில்லை, அது இன்றைக்கும் உங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 130 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் காட்டுவது வேறு, பறிகொடுப்பது வேறு. எடுத்து வைத்துக்கொள்ளும் அதிகாரம் பிரிவு 206-இல் இருக்கிறது, அதற்கு எல்லையும் அங்கேயே இருக்கிறது. ஆவணம் போலி என்று நம்பக் காரணம் வேண்டும். அல்லது உங்கள்மேல் குற்றம் சாட்டி, சம்மனுக்கு அகப்படாமல் ஓடிவிடுவீர்கள் என்று கருதவாவது காரணம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது போன்ற சில குற்றங்களுக்கும் எடுக்கலாம். நீங்கள் எழுதியதில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

ஓடிவிடுவீர்கள் என்று எடுத்தாலும், 2019 திருத்தப்படி எடுத்தாலும், கையில் தற்காலிக ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். ஓடிவிடுவீர்கள் என்று எடுத்திருந்தால், லைசென்ஸ் திரும்பி வரும்வரை அந்தச் சீட்டை வைத்து நீங்கள் வண்டி ஓட்டலாம்; 2019 திருத்தப்படி எடுத்திருந்தால் சீட்டு இருந்தாலும் ஓட்ட முடியாது. நாளைக்கு வேறொருவர் மறித்தால், "அங்கே வாங்கி வைத்திருக்கிறார்கள்" என்ற வாய்ச்சொல் நிற்காது. அதுவரை டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ லைசென்ஸை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள். 2018 முதல் அது அசலுக்குச் சமம். போனில் எடுத்த வெறும் போட்டோ செல்லாது.

ஒரு எச்சரிக்கை. "தொலைந்துபோச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு டூப்ளிகேட் வாங்கிக்கோ" என்று யாராவது சுலப வழி சொல்வார்கள். செய்யாதீர்கள். தொலையவில்லை என்பது உங்களுக்கே தெரியும். அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டால் உங்கள் புகார் அதோடு செத்துவிடும்.

இனி, நிறுத்தியது தப்பா என்ற கேள்வி. வருத்தப்படாதீர்கள், நிறுத்தியதைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். நம் கரைக்கு எதிரே இலங்கை. கடல் அட்டை 2001 முதல் வன உயிரினச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. கஞ்சா, பீடி இலை, மஞ்சள் மூட்டை என்று பிடிபடாத மாதமில்லை. ராத்திரியில் ஐஸ் பெட்டியோடு வரும் வண்டியைப் பார்க்கத்தான் செய்வார்கள். சுங்கத்துறைக்கும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் உண்டு. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் அடித்திருப்பதோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும். பெட்டியும் சுத்தம், எண்ணும் வேறு என்று தெரிந்த பிறகு உங்களை உட்கார வைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். சாவியும் அப்படித்தான். வண்டியைப் பிடித்து வைக்கப் பிரிவு 207 இருக்கிறது, பதிவோ பெர்மிட்டோ லைசென்ஸோ இல்லாதபோது. சாவியைப் பிடுங்கத் தனியாக ஒரு பிரிவும் கிடையாது.

அந்த இரவை நிரூபிப்பது எப்படி என்று கேட்பீர்கள். ஸ்டேஷன் கேமராதான் உங்கள் சாட்சி. எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், வசதி குறைந்தால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்தத் தேதி, இத்தனை மணி முதல் இத்தனை மணிவரை உள்ள பதிவை அழிக்காமல் வைக்கும்படி எஸ்.பி. அலுவலகத்துக்கு இந்த வாரமே பதிவுத் தபால் அனுப்புங்கள். கூடவே பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு ஒன்று: அன்றைய வாகனச் சோதனைப் பதிவேடு, பொது நாட்குறிப்பில் உங்கள் பெயர் உள்ள பக்கம், லைசென்ஸ் எந்தப் பிரிவில் எடுக்கப்பட்டது என்ற விவரம். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்தப் பிரிவும் சொல்ல முடியாமல் வரும் பதில்தான் உங்களுக்கு வேண்டிய ஆவணம்.

நண்டுக்கான நஷ்டத்தைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். அது சுலபமாக வராது. மாநில மனித உரிமை ஆணையத்தில் ஓராண்டுக்குள் புகார் கொடுத்தால், விசாரித்து இழப்பீடு தரும்படி அரசுக்குப் பரிந்துரைக்க முடியும். அதற்கு, ஏற்றிய இடத்துத் தரகர் சிட்டையில் எடை இருக்க வேண்டும். கம்பெனி எத்தனை கிலோ கழித்தது, எத்தனை மணிக்கு லோடு வந்தது என்று அவர்கள் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் இன்றைக்கே போய் வாங்குங்கள். நாள் ஆக ஆகக் கம்பெனிக்காரரும் எழுதித் தரத் தயங்குவார்.

யாராவது பணம் கேட்டிருந்தால் லஞ்ச ஒழிப்புத் துறைக்குச் சொல்லலாம். நீங்கள் அப்படி எழுதவில்லை, இல்லாததைச் சேர்க்காதீர்கள். உங்கள் வண்டி எண்ணில் ஏதாவது இ-சலான் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பரிவாகன் தளத்தில் பாருங்கள். இருந்தால் "போனா போகுது" என்று கட்டிவிடாதீர்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக விஷயம் முடிந்துவிடும்.

அடுத்த முறை மறித்தால் வண்டியை ஓரங்கட்டி உள்விளக்கைப் போடுங்கள். கத்த வேண்டாம். "சார், நண்டு லோடு, முதல்ல பெட்டியைப் பாத்துருங்க" என்று நீங்களே சொல்லுங்கள். கூட வரும் பையன் வீட்டுக்குப் போன் போட்டு இடத்தையும் நேரத்தையும் சொல்லட்டும். ஸ்டேஷனுக்கு வா என்றால், "கைது பண்றீங்களா சார், எதுக்காக?" என்று கேளுங்கள். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வெள்ளைத்தாளில் கையெழுத்து மட்டும் போடவே போடாதீர்கள்.

தனியாக மூன்றாம் முறை ஸ்டேஷன் படி ஏற வேண்டாம். மச்சானைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பிரதி மனுவோடு பகல் நேரத்தில் போங்கள். ஒன்றில் ஸ்டேஷன் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். மறுத்தால் அங்கேயே வாதாடாமல் நேராக ராமநாதபுரம் எஸ்.பி. அலுவலகம் போய்விடுங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள், இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. வண்டியை எடுப்பது அதற்கப்புறம் இருக்கட்டும் தம்பி.