கேச் முழுவதையும் அழிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் இணையச் செயலியில் ஒரு பொருளின் விவரத்தைத் திருத்தினால், பக்க கேச் (உருவாக்கிய பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இடம்) முழுவதையும் அழித்த பிறகே புதிய பக்கம் தெரிகிறது. அழித்தவுடன் சர்வர் திணறுகிறது. அப்போதும் சிலருக்குப் பழைய பக்கமே வருகிறது. வேண்டியதை மட்டும் வேண்டும்போது அழிக்க இயலாதா?

பதில்: இயலும். சேமித்து வைத்த பக்கங்கள் அனைத்தும் ஒரே நொடியில் மறைந்தால், வரும் கோரிக்கைகளெல்லாம் தரவுத்தளத்தின் மீது விழும். சர்வர் திணறுவது அதனால்தான். பயனருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே நின்று சேமித்த பக்கங்களைத் தரும் வார்னிஷ் போன்ற இடைநிலை சர்வர்களில், திருத்திய பக்கத்தின் முகவரிக்கு மட்டும் ‘பர்ஜ்’ என்னும் கோரிக்கையை அனுப்பி அதை நீக்குவது வழக்கம். இது, பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி தரநிலையில் உள்ள முறையன்று. ஆகவே அதை ஏற்கும் விதியை நீங்களே எழுத வேண்டும். உங்கள் சர்வரின் ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே ஏற்குமாறு எழுதுங்கள். இல்லையெனில் வெளியார் எவரும் உங்கள் கேச்சைக் காலிசெய்துகொண்டிருக்கலாம்.

ஆனால் ஒரு பொருள் தன் பக்கத்தில் மட்டுமா இருக்கிறது? முகப்பிலும், வகைப் பட்டியலிலும், தேடல் முடிவுகளிலும் இருக்கும். அந்த முகவரிகளையெல்லாம் நினைவில் வைத்து அழிக்க முயல்வது வீண் வேலை என்பது என் கருத்து. பக்கத்தை உருவாக்கும்போதே, அதில் இடம்பெறும் பொருள்களின் அடையாள எண்களைக் குறிச்சொற்களாக ஹெட்டரில் (பக்கத்துடன் செல்லும் தகவல் வரிகளில்) சேர்த்துவிட்டால், பொருள் மாறும்போது அக்குறிச்சொல்லைத் தாங்கிய பக்கங்கள் அனைத்தையும் ஒரே கட்டளையில் நீக்கலாம். இணையதளங்களை உருவாக்க உதவும் மென்பொருளான, 2015இல் வெளிவந்த ட்ரூபல் 8 இம்முறையைத் தன் அடிப்படையிலேயே கொண்டுள்ளது. புதிதாகச் சேர்க்கும் பொருளின் எண் எந்தப் பழைய பக்கத்திலும் இராது என்பதால், பட்டியலுக்கென்று தனிக் குறிச்சொல் ஒன்றும் தேவை. மேலும், தரவுத்தளத்தில் மாற்றம் உறுதியாகப் பதிவான பின்னரே நீக்கும் கட்டளையை அனுப்புங்கள். ஒரு கணம் முந்தினாலும், இடையில் வரும் ஒருவருக்காகப் பழைய விவரத்துடன் பக்கம் மீண்டும் உருவாகிச் சேமிக்கப்பட்டுவிடும். கண்டுபிடிக்க மிகவும் படுத்தும் பிழை அது.

சிலருக்கு மட்டும் பழைய பக்கம் வருவதற்குக் காரணம், பெரும்பாலும் அவர்களது பிரவுசரில் உள்ள பிரதி. உங்கள் ‘பர்ஜ்’ அங்கே எட்டாது. எனவே கேச்-கன்ட்ரோல் ஹெட்டரில் பிரவுசருக்கான மேக்ஸ்-ஏஜ் (பிரதியின் ஆயுள்) மதிப்பை 0 என்றும், இடைநிலை சர்வருக்கான எஸ்-மேக்ஸ்ஏஜ் மதிப்பை 86400 நொடிகள், அதாவது ஒரு நாள் என்றும் வையுங்கள். பிரவுசர் ஒவ்வொரு முறையும் கேட்டுச் சரிபார்க்கும். பக்கத்தின் பதிப்பை அடையாளம் காட்டும் ஈடேக் ஹெட்டர் இருந்து, பக்கமும் மாறாதிருந்தால், ‘மாறவில்லை’ என்று மட்டும் சொல்லும், உள்ளடக்கமில்லாத 304 மறுமொழியோடு வேலை முடிந்துவிடும். ஏற்கெனவே நீண்ட ஆயுளுடன் அனுப்பிய பக்கங்கள் மட்டும், பயனர் தாமே புதுப்பித்தாலொழிய, அந்த ஆயுள் முடியும்வரை பழையபடியே தெரியக்கூடும்.